குளிருக்கு ஒரு கோட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை அந்த வார்த்தையை எழுத மாட்டேன் என்கிறது. நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? இரண்டு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை.

நீ வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்றைக்கே, சாயந்தரம் நாலு மணிக்கு, அத்தானை ஒரு கார் இடித்துவிட்டது. சைக்கிளில் போனவரை ரொட்டிக்கடை வளைவில் பின்னாலிருந்து தூக்கி அடித்திருக்கிறது. உயிர் இருக்கிறது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே கிள்ளினால் அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் பத்து நாள் போகட்டும் என்கிறார். அவர் முகத்தைப் பார்த்தால் பத்து நாளுக்கு அப்புறம் சொல்லப்போவது இப்போதே தெரிகிறது.

ஓட்டியது யார் தெரியுமா? உன்னோடு படித்த ராக்கெட். மரச்சாமான் கடைக்காரர் மகன். எதிலும் அவசரம் என்று அந்தப் பெயரை வைத்ததே நீதானே. நட்டநடுப் பகலில் குடித்திருக்கிறான். காரை விட்டு இறங்கியவன் நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றானாம்.

லாண்டிரியில் இஸ்திரி மேஜை முன்னால் நின்றபோது சேதி வந்தது. யாரோ ஒருவர் சட்டையில் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். சட்டை பொசுங்கிவிட்டது. முதலாளி சம்பளத்தில் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் மேலிருந்த துணிமணிகளையும் கையில் இருந்ததையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. அங்கே குளிர் எப்படி? நான் கொடுத்த பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொள்கிறாயா?

உன் அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அத்தானுக்கு இப்போது எப்படி இருக்கிறது? வலி குறைந்ததா? நீ தூங்குகிறாயா?

போனை எடுக்காததற்குத் திட்டாதே. மீன் பதனிடும் கிடங்கில் உள்ளே போன் கூடாது. வெளியே வந்தால் விரல் மரத்துப்போய்க் கிடக்கிறது. கடிதமே போடு, உடனே பதில் போடுகிறேன்.

நான் அன்றைக்கு நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டு டாக்ஸி பிடித்து நேரே விமான நிலையம் போய்விட்டேன். அந்தப் பக்கமே வரவில்லை. வந்திருந்தால் பார்த்திருப்பேனே.

என் அறையில் இருக்கும் அண்ணன் ஒருவர் முன்னே இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். அவரிடம் கேட்டு எழுதுகிறேன், கவனமாகப் படி. போலீஸ் போடும் வழக்கு வேறு, நாம் போட வேண்டிய நஷ்டஈட்டு வழக்கு வேறு. ஒன்றில் அவனுக்குத் தண்டனை. மற்றதில் அத்தானுக்கு வைத்தியச் செலவும், இனி சம்பாதிக்க முடியாமல் போனதற்கு ஈடும். இரண்டும் தனித்தனியாக நடக்கும். கார் இன்சூரன்ஸ் கம்பெனியையும் சேர்க்க வேண்டும். ஓட்டியவன் குடித்திருந்தால் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் அவனிடம் வசூலிக்குமாம். நாள் கடத்தக் கூடாது. முக்கியமாக, யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே.

கண்ணாடியை எங்கோ மறந்துவிட்டேன். இங்கே புதிதாக வாங்கியது சரியில்லை. எழுத்து கோணினால் அதுதான் காரணம்.

குளிர் கடுமை. கோட்டு போட்டுக்கொள்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி? விரலுக்கு எண்ணெய் தடவு. கோட்டு கதகதப்பாக இருக்கிறதா?

அத்தானை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கால் இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்: "இருபத்தஞ்சு வருஷமா மத்தவனை உட்கார வச்சுட்டு நான் நின்னேன். இனிமே நான் உட்கார்ந்துக்கறேன், அவனுங்க நிக்கட்டும்." சிரித்தேன். பிறகு பின்கட்டுக்குப் போய் அழுதேன். சலூனைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். கண்ணாடியில் தூசி படியவிடாதே என்று தினமும் ஞாபகப்படுத்துகிறார்.

ஒரு வக்கீலம்மாவைப் பிடித்திருக்கிறேன். டயர்க்கடை மாடியில் ஒரே அறை. கீழே காற்றடிக்கும் சத்தத்தில் அவர் பேசுவது பாதி கேட்காது, ஆனால் கெட்டிக்காரி. குமாஸ்தா அண்ணன் சொன்னதெல்லாம் சரி என்றார். வழக்குப் போட்டாயிற்று. ஆனால் ஒரு சிக்கல். ராக்கெட்டுக்கு ரத்தம் எடுத்தது மறுநாள் காலை பத்து மணிக்கு. அதற்குள் எல்லாம் இறங்கிவிட்டது. அவன் குடிக்கவே இல்லை, சைக்கிள்காரர்தான் திடீரென்று குறுக்கே திரும்பினார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அத்தான் கை காட்டாமல் திரும்புகிற ஆளா? கத்தரிக்கோலைக்கூடச் சொல்லிவிட்டுத்தான் காது பக்கம் கொண்டுபோவார்.

போன வாரம் ராக்கெட்டின் அப்பா பழக்கூடையோடு வந்தார். கூடைக்கு அடியில் டைப் அடித்த காகிதம். ஒரு தொகை தருவார்களாம். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, எல்லாம் தற்செயல் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். தொகை ஒரு வருட மருந்துக்குக்கூடக் காணாது. பழத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. அத்தானுக்குப் பசித்தது.

உன் அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் சொன்னதைப் படித்துவிட்டுச் சாப்பிட முடியவில்லை. உன் முதுகுவலி எப்படி? அவரைத் தூக்கும்போது தனியாகத் தூக்காதே.

அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடு. ஒரு கையெழுத்துப் போட்டால் நஷ்டஈட்டு வழக்கே முடிந்தது, அப்புறம் எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்காது. ரத்தம் தாமதமாக எடுத்தால் என்ன? பார்த்த சாட்சி இருந்தால் போதும் என்கிறார் குமாஸ்தா அண்ணன். ரொட்டிக்கடைக்காரர் பார்த்தாரே, அவரைச் சொல்லச் சொல். தைரியமாக இரு, விடாதே. அவன் பண்ணியதற்கு அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இங்கே எல்லாம் வழக்கம்போல.

உன் தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? போன கடிதத்தில் உன் உடம்பைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை.

ரொட்டிக்கடைக்காரரை வக்கீலம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கார் இடித்ததைப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு வெளியே வந்தவர். ராக்கெட் தள்ளாடியதைச் சொல்கிறார். அதிர்ச்சியில் யாருக்கும் கால் தள்ளாடும் என்று எதிர்வக்கீல் ஒரே வரியில் அடித்துவிடுவார் என்கிறார் வக்கீலம்மா.

ஆனால் கடைக்காரர் இன்னொன்று சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "கார்ல ரெண்டு பேரும்மா. இன்னொருத்தர் இறங்கி ஓடிப்போய் அடிபட்டவர்கிட்ட குனிஞ்சு என்னமோ பண்ணினார். அப்புறம் டிக்கியைத் திறந்து பெட்டியை எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டார். மூஞ்சி சரியாப் பார்க்கல."

வக்கீலம்மா மேஜையில் தட்டிச் சொன்னார்: "அந்த ஆள் கிடைச்சா நம்ம கேஸ் நின்னுடும். எங்க குடிச்சாங்க, எவ்வளவு குடிச்சாங்க, எப்படி ஓட்டினான், எல்லாம் சொல்லக்கூடியது அவர் ஒருத்தர்தான். கிடைக்கலைன்னா அந்தப் பழக்கூடைதான்."

நீ ராக்கெட்டோடு படித்தவன். அவன் சிநேகிதர்களையெல்லாம் உனக்குத் தெரியும். யாராக இருக்கும் என்று யோசித்து எழுது. அவசரமில்லை. யோசித்தே எழுது.

கோட்டு இருக்கிறதல்லவா? குளிருக்குப் பத்திரம்.

உன் அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். கிடங்கில் வேலை அதிகம். நடுவில் காய்ச்சல் வேறு. அத்தான் எப்படி இருக்கிறார்? நீ எப்படி இருக்கிறாய்?

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். வழக்கு என்றால் வருடக்கணக்கில் இழுக்கும். நீ வேலைக்குப் போவாயா, அத்தானைப் பார்ப்பாயா, டயர்க்கடை மாடி ஏறுவாயா? அவர்கள் கொடுப்பதைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடு. நானும் மாதாமாதம் அதிகமாக அனுப்புகிறேன். நடந்தது நடந்துவிட்டது. தண்டனை கொடுத்து அத்தானுக்குக் கால் வரப்போகிறதா?

ராக்கெட்டின் சிநேகிதர்கள் யாரோடும் எனக்கு இப்போது தொடர்பில்லை.

இங்கே வெயில் வந்துவிட்டது. கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கவலைப்படாதே.

உன் தம்பி


ஜூலை 3

தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா?

ஏப்ரலில் கிழித்துப் போடு என்றாய். ஜூனில் கையெழுத்துப் போடு என்கிறாய். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒரே கையெழுத்துதான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. நவம்பர் பதினான்காம் தேதி சாட்சி விசாரணை. அதுவரைக்கும் வக்கீலம்மா பார்க்கலாம் என்கிறார்.

அத்தானுக்கு முதுகில் புண் வந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கிறேன். நான் லாண்டிரிக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு நர்ஸம்மா வருகிறார். மருந்து நெடி என் துணியிலும் ஏறிவிட்டது. லாண்டிரியில் எல்லோரும் மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் பாடுபடுவது எனக்கே பாவமாக இருக்கிறது.

இடித்தது பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நேற்று கஞ்சி கொடுக்கும்போது தானாகச் சொன்னார். "ரோட்டுல கிடந்தப்ப ரொம்பக் குளிரா இருந்துச்சு. யாரோ ஒருத்தர் மேல போர்த்தினாங்க. கழுத்துக்கு ரெண்டு பக்கமும் சொருகிவிட்டாங்க, நம்ம சலூன்ல துணி கட்டற மாதிரி." யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மிச்சக் கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தார். அவரால் தானாகத் திரும்ப முடியாது என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

தம்பிகிட்டேர்ந்து லெட்டர் வந்துச்சா என்று தினமும் கேட்கிறார். எழுது.

அக்கா


செப்டம்பர் 18

தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன வியாழக்கிழமை காலை அத்தான் போய்விட்டார். புண்ணிலிருந்து விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். கடைசியில் வலி இல்லை.

எல்லாம் முடிந்துவிட்டது. போனை நீ எடுக்கவில்லை. எடுக்கமாட்டாய் என்று தெரிந்தேதான் அடித்தேன்.

இதோடு ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். உன் மூக்குக்கண்ணாடி. அன்றைக்கு விடைபெற வந்தபோது நீ சலூன் அலமாரி மேல் மறந்துவிட்டுப் போனாய். "கண்ணாடி இல்லாம அவனுக்கு எதிர்ல வர்ற ஆளு தெரியாது. நாலரை பஸ்ஸுல ஏறறதுக்குள்ள நிறுத்தத்துலயே பிடிச்சுடறேன்" என்று லாண்டிரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு அத்தான் சலூனைப் பூட்டி சைக்கிளை எடுத்தார். அவர் ஏன் அந்த ரோட்டில் போனார் என்று இத்தனை நாள் உனக்கு எழுதவில்லை. உன் மனசு தாங்காது என்று நினைத்தேன். ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது. மற்றது நன்றாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


அக்டோபர் 6

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை.

பொட்டலம் வந்தது. கிடங்கு வாசலில் உட்கார்ந்து பிரித்தேன். அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். குமாஸ்தா அண்ணன்தான் வந்து தூக்கினார்.

அக்கா, காரில் இருந்தது நான்.

அன்று மத்தியானம் ராக்கெட் தன் கடைக் கிடங்கில் எனக்கு விருந்து வைத்தான். பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். நானும் குடித்தேன். அவன் போதும் என்றபோது ஊற்றியதும் நான்தான். "டாக்ஸி எதுக்குடா, நானே விடறேன்" என்றான். சரி என்றேன். நேரமாகிவிட்டது. கொஞ்சம் மிதிடா என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. வளைவில் ஒரு சைக்கிளின் முதுகு தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் எனக்கு அது யாரோ ஒரு முதுகு.

இறங்கி ஓடினேன். அத்தான் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தார். என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன். சலூனில் இரண்டு வருடம் அவர் கற்றுக்கொடுத்த கை, தானாகவே கழுத்தில் சொருகியது. ராக்கெட் பின்னாலிருந்து கத்தினான். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. நீ போ. நின்னா உன்னையும் உள்ள வைப்பாங்க, வேலை போயிடும்." நான் போனேன், அக்கா. பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியை மறக்கவில்லை பார்.

உனக்கு எழுதிய சட்டமெல்லாம் எதற்கு? நான் இல்லாமலே நீ ஜெயித்துவிட வேண்டும் என்று. அது முடியாது என்று தெரிந்ததும் கையெழுத்துப் போடச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கோட்டைப் பற்றி நீ கேட்டாய். ஒவ்வொரு தடவையும் பொய் எழுதினேன்.

வேலையை விட்டுவிட்டேன். நவம்பர் பதினொன்றாம் தேதி வருகிறேன். வக்கீலம்மாவிடம் சொல். யார் கேட்டாலும் எல்லாவற்றையும் சொல்கிறேன், என் பங்கையும் சேர்த்து. வீட்டுக்குள் விட மாட்டாய் என்றால் வாசலிலேயே சொல்லிவிடு, வேறு எங்காவது தங்கிக்கொள்கிறேன்.

தம்பி


அக்டோபர் 22

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் இருக்கிறேன்.

எனக்கு அன்று சாயந்தரமே தெரியும். ஆஸ்பத்திரியில் பையைப் பிரித்ததும் மேலே கிடந்தது அந்தக் கோட்டு. உன்னுடையது மாதிரி ஒன்று என்று நினைத்துக் கழுத்துப்பட்டையைத் திருப்பினேன். ஏழும், கீழே ஒரு புள்ளியும். லாண்டிரியில் ஊரார் துணிக்கெல்லாம் அழியாத மையில் குறி போட்டுப் போட்டு, வீட்டுத் துணிக்கும் போடுவேன் என்று நீ என்னைக் கேலி பண்ணுவாயே. அத்தானுக்கு ஆறு, உனக்கு ஏழு. ஒரு வருடமாக யாரும் கேட்டு வராத கோட்டு என்று முதலாளி கொடுத்ததை உன் அளவுக்குப் பிடித்துத் தைத்து, நானே போட்ட குறி.

வக்கீலம்மாவிடம் அன்றே அதைக் கொடுத்திருக்கலாம். உன்னைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தியிருப்பார்கள். எனக்கு மனசு வரவில்லை. நீயாகச் சொல்வாய் என்று கடிதத்துக்குக் கடிதம் குளிரைப் பற்றிக் கேட்டேன். நீ போட்டுக்கொள்கிறேன் என்று எழுதும்போதெல்லாம் அது என் பரண்மேல் இருந்தது.

அத்தானுக்கும் தெரியும். நான் பேச்செடுத்தால் அவர் மாற்றுவார். அவர் எடுத்தால் நான் மாற்றுவேன். ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் உன்னை மறைத்துக்கொண்டு ஏழு மாதம் ஒரே அறையில் இருந்தோம். போவதற்கு முதல் நாள், புதன்கிழமை சாயந்தரம், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி வந்தா திட்டாத. போர்த்திட்டுத்தான் போனான்."

நான் அவர் அளவுக்கு நல்லவள் இல்லை. மன்னித்துவிட்டேனா என்று என்னைக் கேட்காதே, எனக்கே தெரியவில்லை. நீ ஜூலையில் வந்திருந்தால் அவர் உன்னைப் பார்த்திருப்பார். அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

வக்கீலம்மாவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். அத்தான் இறந்துவிட்டதால் நஷ்டஈட்டு வழக்கு இனி என் பெயரில் நடக்குமாம். ராக்கெட் மேல் உள்ள குற்றமும் மரணம் விளைவித்ததாக மாறுமாம். எல்லாம் நீ சொல்லப்போவதில்தான் நிற்கிறது. விட்டுவிட்டுப் போனதற்கு உன் மேலும் வழக்கு வரலாம் என்றார். வரட்டும். உள்ளே வைத்தால் சாப்பாடு கொண்டு வருகிறேன். வீட்டுக்கே வா. வேறு எங்கும் தங்காதே. சலூன் கண்ணாடியைத் துடைக்க ஆள் வேண்டும்.

கோட்டை நேற்று வக்கீலம்மாவிடம் ஒப்படைத்தேன். ஊர் அழுக்கையெல்லாம் துவைக்கிறவள், எட்டு மாதமாக அதை மட்டும் தண்ணீரில் நனைக்கவில்லை. அத்தானின் ரத்தம் அதில் அப்படியே இருக்கிறது. கழுத்தில் நீ சொருகிய மடிப்புக்கூட இன்னும் போகவில்லை.

அது இனி உனக்குக் கிடைக்காது. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். வேறு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வா.

அக்கா